நாட்டு நாய்க்குப் போடும் களி ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒத்துப்போகுமா?

நாய்க்கு என்ன போடலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது என்ன நாய் என்பதைத்தான். பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்தில் நாட்டு நாய் கருப்பனுக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் ராணிக்கும் ஒரே அடுப்பில்தான் ராகி வேகிறது. ஆனால் தட்டில் விழும் அளவு வேறு.

கருப்பனுக்கு ஒரு களி உருண்டை, கோழி வேகவைத்த தண்ணீர், கொஞ்சம் கறி. மறுநாள் மலம் கெட்டியாக, அள்ளினால் தரையில் ஒட்டாமல் வரும். அதே உருண்டையை ராணி முழுதாகச் சாப்பிட்டால் வயிறு இளகிவிடும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. ஓசூரில் சிலர் ஆசையாக வளர்க்கும் ஹஸ்கி என்ற பனிநாட்டு நாய்க்கு அந்தப் பிரதிகள் குறைவு. ராணியின் சிக்கல் வேறு. பெரிய இன நாய்களுக்கு உடல் எடையோடு பார்த்தால் குடல் சிறியது. பெருங்குடலில் சாப்பாடு அதிக நேரம் தங்கிப் புளிக்கும். அதனால் ராணிக்குக் களி கால் பங்குதான். மீதி குழைந்த சோறு, தோல் நீக்கி வேகவைத்த கோழி. வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் கால்சியம் பற்றாது, எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

களி நன்றாக வேக வேண்டும். நாயின் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி அநேகமாகக் கிடையாது. மெல்லாமல் விழுங்கவும் செய்யும். உருண்டையைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் வெளுத்த மாவுக்கட்டி தெரிந்தால் மறுபடி கிண்டிவிட்டு, ஆறவைத்துப் போடுங்கள்.

புது உணவுக்கு மாற்றும்போது 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் வயிறு நிறையச் சாப்பிட்டும் மெலிந்து, மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக, குவியலாக வந்தால் கணையம் நொதி சுரக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இந்த இனத்தில் அது அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டில் நொதிப்பொடி கலந்து கொடுத்தால் பெரும்பாலும் உடம்பு தேறும்.

டாபர்மேன், கிரேட் டேன், ஷெப்பர்ட் போல நெஞ்சு ஆழமான நாய்களுக்கு ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் எதுவும் வராவிட்டால் வயிற்று மருந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே வண்டி பிடித்து மருத்துவரிடம் போங்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு, திராட்சை, வேகவைத்த எலும்பு எந்த இனத்துக்கும் வேண்டாம். பால் பல நாய்களுக்குப் பேதியாகும். மாம்பழ சீசனில் நம் ஊரில் கொட்டை எங்கும் கிடக்கும். விழுங்கினால் குடலை அடைக்கும், அறுவை சிகிச்சை வரை போகும். தின்று முடித்த கொட்டைகளை மூடியுள்ள வாளியில் போட்டு வையுங்கள்.