மார்கிட்டிடம் உருப்படியாகத் தோற்பது எப்படி: எல்டன் ரிங் புதியவர்களுக்கான செய்முறை

ஒரே பாஸிடம், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரியிடம், நூறு முறை மோதினால் நூற்றியோராவது முறை தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே தவறை நூறு முறை செய்தால் அந்தத் தவறுதான் கைக்குப் பழகும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். ஒரு முயற்சி பார்ப்பதற்கு, ஒன்று தப்பிப்பதற்கு, ஒன்று அடிப்பதற்கு. இதைப் பழகிக்கொள்ள எல்டன் ரிங்கில் மார்கிட்டை விட நல்ல ஆள் இல்லை. ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2022 பிப்ரவரியில் வெளிவந்த இந்த வீடியோ விளையாட்டில், ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலை மறித்துக்கொண்டு நிற்பவன் அவன்.

ஓய்விடங்களிலிருந்து (உட்கார்ந்து உயிரை நிரப்பிக்கொள்ளும் இடங்கள், Site of Grace) கிளம்பும் தங்க ஒளிக்கோடு நேராக அவனிடம்தான் கூட்டிப்போகும். அது திசை காட்டுகிறதே தவிர, இப்போதே போ என்று சொல்லவில்லை. கோடு காட்டிய வழியிலேயே ஓடி, தொடக்க லெவலில் போய் நிற்பவர்கள் இரண்டு அடியில் விழுவது அதனால்தான்.

1. முதலில் லிம்கிரேவைச் சுற்றுங்கள்

லிம்கிரேவ் என்ற தொடக்கப் பகுதியின் வெட்டவெளியில் மூன்று ஓய்விடங்களைத் தொட்ட பிறகு மெலினா என்ற துணைப் பெண் வருவாள். குதிரையும் லெவல் ஏற்றும் வசதியும் அவளிடமிருந்துதான். எதிரிகளைக் கொன்று கிடைக்கிற ரூன்களை (லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் செலவழிப்பவை) முதலில் விகரில் (உயிரின் அளவைக் கூட்டும் பண்பு) போட்டு 20 வரை கொண்டுபோங்கள். விகர் கூடினால் வீரம் கூடாது, பாடம் நீளும். ஐந்து அடிகள் கொண்ட தாக்குதல் தொடரில் இரண்டாவது அடியிலேயே செத்துவிட்டால் மீதி மூன்றை எப்போது பார்ப்பீர்கள்?

அடுத்தது ஆயுதம். சர்ச் ஆஃப் எல்லேயில் உள்ள பட்டறைக்கல்லில் ஆயுதத்தை +3 வரை ஏற்றலாம். சாதாரண ஆயுதத்துக்கு முதல் நிலை ஸ்மிதிங் ஸ்டோன் (ஆயுதத்தை ஏற்றப் பயன்படும் கல்) முறையே 2, 4, 6 என்று மொத்தம் 12 வேண்டும். அகீல் ஏரிக்கு வடக்கே உள்ள லிம்கிரேவ் சுரங்கத்தில் சுவரில் மின்னும் கற்களாகவே இவை கிடைக்கும். கிடைத்த கற்களை இரண்டு மூன்று ஆயுதங்களுக்குப் பங்கு போடாதீர்கள். பிடித்த ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்.

உயிரை நிரப்பக் குடிக்கும் குடுவை விஷயத்தில் புதியவர்கள் ஒன்றை மறப்பார்கள். ஸ்டார்ம்ஹில்லில் கோட்டைக்குப் போகும் வழியில் ஒளிரும் சிறுமரத்தடியில் கோல்டன் சீட் இருக்கும். தேர்ட் சர்ச் ஆஃப் மரிக்காவில் சேக்ரட் டியர் இருக்கும். எடுத்தால் மட்டும் போதாது. ஓய்விடத்தில் உட்கார்ந்து குடுவை மெனுவில் பயன்படுத்தினால்தான் எண்ணிக்கையும் குணமாக்கும் அளவும் கூடும்.

கடைசியாக எடை. அணிந்திருப்பதன் மொத்த எடை உங்கள் வரம்பில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் உருள்வது தொப்பென்று விழுவதாக மாறிவிடும். கவசம் அழகாக இருக்கிறது என்று இதில் சமரசம் வேண்டாம்.

2. உருளும் பொத்தானைப் புரிந்துகொள்ளுங்கள்

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் வட்டப் பொத்தான்தான் உருள்வதற்கும் ஓடுவதற்கும். அழுத்திப் பிடித்தால் ஓட்டம். அதனால் உருள்வது நீங்கள் அழுத்தும் கணத்தில் நடக்காது, விரலை எடுக்கும் கணத்தில்தான் நடக்கும். பதற்றத்தில் பொத்தானை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு "சரியாகத்தானே அழுத்தினேன்" என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். தட்டி உடனே விடுங்கள்.

இன்னொன்று, இரண்டு முறை தட்டினால் இரண்டாவது தட்டலும் வரிசையில் சேர்ந்துகொள்ளும். முதல் உருளலில் தப்பித்துவிட்டு, வேண்டாத இரண்டாவது உருளலில் போய் அடி வாங்குவது அப்படித்தான். உருளும்போது உடலில் அடி படாத நேரம் அரை நொடிக்கும் குறைவு. அதை ஒரே தட்டலில் செலவழிக்க வேண்டும்.

3. அடிக்காத முயற்சிகள்

செத்தால் கையில் இருக்கும் ரூன்கள் அங்கேயே விழுந்துவிடும், அதனால் அவற்றை முழுக்கச் செலவழித்துவிட்டு உள்ளே போங்கள். இழக்க ஒன்றும் இல்லாதபோதுதான் கண் பாஸைப் பார்க்கும், இல்லாவிட்டால் ரூன் கணக்கைத்தான் பார்க்கும். முதல் ஐந்து முயற்சிகளில் தாக்கும் பொத்தானைத் தொடவே வேண்டாம். ஒரு நிமிடம் உயிரோடு இருப்பதுதான் இலக்கு. காசில்வார்ட் டனல் ஓய்விடத்திலிருந்து அவன் இடம் அதிக தூரம் இல்லை என்பதால் இதில் நேரமும் பெரிதாகப் போகாது.

சலிப்பான வேலைதான். ஆனால் அடிக்கும் ஆசை இல்லாதபோது மட்டுமே சில விஷயங்கள் தெரியவரும். எந்த வீச்சுக்குப் பின் அவன் நிற்கிறான், எதற்குப் பின் இடது கையில் ஒளிக்கத்தி முளைக்கிறது, முதுகுப்பக்கம் போய் நின்றால் வாலைச் சுழற்றுகிறானா என்பதெல்லாம் இங்கேதான் பிடிபடும்.

4. ஓங்கிய கோல்

மார்கிட்டின் முக்கியமான பாடம் இது. கோலைத் தலைக்கு மேல் தூக்குவான். இப்போது அடி விழும் என்று கை பரபரக்கும். விழாது. கோலைத் தூக்கியபடியே நிற்பான். நீங்கள் உருண்டு முடித்து எழும் நேரம் பார்த்துத்தான் இறக்குவான். சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு மாதிரி, நம் கை எதிர்பார்க்கும் தாளத்தைக் கலைப்பதற்கென்றே வைத்திருக்கும் அசைவு.

கோல் மேலே போவதைப் பார்த்து உருண்டால் எப்போதும் தப்பு. தோள் முன்னால் சாய்ந்து கோல் கீழ்நோக்கி நகரத் தொடங்குவதுதான் குறி. அதைப் பார்த்தபின் தட்டுங்கள். தாமதமாகிவிட்டது போல மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் சரியான நேரம் அதுதான்.

உருளும் திசையும் முக்கியம். பின்னால் உருண்டால் அவனுடைய நீண்ட கைக்கும் கோலுக்கும் நீங்கள் இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருப்பீர்கள். அடி படாமல் போனாலும் திருப்பி அடிக்க முடியாத இடத்தில் எழுவீர்கள். கையின் அடியில் நுழைவது போல அவனை நோக்கி, சற்றுப் பக்கவாட்டாக உருளுங்கள்.

5. ஒரே ஒரு அடி

தாக்குதல் தொடரை முடித்து அவன் நிற்கும்போது ஒரு அடி, அவ்வளவுதான். இரண்டாவது அடிக்கு இடம் இருப்பது போலத் தெரியும். சில நேரம் இருக்கவும் செய்யும். ஆனால் புதியவர்கள் செத்துப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடியின் நடுவில்தான். பச்சைக் கோட்டில் உருள்வதற்குப் போதுமான ஸ்டாமினா (உருளவும் அடிக்கவும் செலவாகும் தெம்பு) மிச்சம் இல்லாமல் அடிக்காதீர்கள். கேடயத்தை உயர்த்தியே வைத்திருந்தால் ஸ்டாமினா மெதுவாகத்தான் ஏறும் என்பதால், தேவையில்லாதபோது இறக்கிவிடுங்கள்.

6. குடிக்கும் நேரம்

தூரமாக ஓடிப்போய்க் குடிப்பது பாதுகாப்பு என்று நினைப்போம். மார்கிட்டிடம் அதுதான் ஆபத்து. நீங்கள் குடுவையைத் தூக்கியதும் அவன் ஒளிக்கத்தியை வீசுவான். குணமான அளவு அப்படியே கழிந்துவிடும். அவனுடைய நீண்ட தாக்குதல் முடிந்து, நீங்கள் அடிக்கக்கூடிய அதே இடைவெளியில் அடிப்பதற்குப் பதிலாகக் குடியுங்கள்.

7. சுத்தியல் வந்த பிறகு

ஹெல்த் பார் பாதியை நெருங்கும்போது ஒளியில் ஒரு சுத்தியலை உருவாக்குவான். இங்கே மறுபடி மாணவனாகிவிடுங்கள், பத்து இருபது நொடி அடிக்காமல் பாருங்கள். துள்ளி எழுந்து சுத்தியலோடு இறங்கும்போது பின்வாங்காதீர்கள். அவன் கீழே வரத் தொடங்கியதும் அவனுக்கு அடியில் உருண்டு போங்கள்.

8. செத்த பிறகு ஒரு வரி

மறுபடி ஓடுவதற்கு முன், எந்த அசைவில், ஏன் செத்தோம் என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சீக்கிரம் உருண்டது, பின்னால் உருண்டது, ஸ்டாமினா தீர்ந்தது. அடுத்த முயற்சியில் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால் கன்ட்ரோலரைக் கீழே வைக்கும் நேரம் வந்துவிட்டது. களைத்த கை சீக்கிரம்தான் உருளும், அதை இன்றைக்குத் திருத்த முடியாது.

9. துணை கூப்பிடலாமா?

தாராளமாக. குதிரை கிடைத்தபின் சர்ச் ஆஃப் எல்லேக்குத் திரும்பினால் ரென்னா என்ற சூனியக்காரி, துணை ஆவிகளை அழைக்கும் மணியையும் ஓநாய்ச் சாம்பலையும் தருவாள். 55 எஃப்பி (மந்திரத்துக்குச் செலவாகும் சக்தி) செலவில் மூன்று ஓநாய்கள் வரும். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்ற வியாபாரி 5,000 ரூனுக்கு விற்கும் மார்கிட்டின் விலங்குச் சங்கிலி (Margit's Shackle) முதல் கட்டத்தில் அவனைச் சில நொடி தரையோடு கட்டிப்போடும். (பேட்சஸ் மண்டியிட்டுக் கெஞ்சும்போது விட்டுவிடுங்கள், கொன்றால் கடை இல்லை.) இதையெல்லாம் கேவலமாகப் பேசுபவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கற்கும் முயற்சிகளில் ஓநாய்களை விடாதீர்கள். அவன் கவனம் அங்குமிங்கும் தாவுவதால் எந்த அசைவு உங்களுக்கானது என்றே தெரியாது. ஜெயிக்கப் போகும் முயற்சியில் கூப்பிடுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? தெற்கே வீப்பிங் பெனின்சுலா முழுதும் காத்திருக்கிறது. கோட்டையின் ஓரமாகப் பாறை விளிம்பில் போகும் பாதையில் மார்கிட்டைத் தொடாமலேயே அடுத்த பகுதியான லியூர்னியாவுக்கும் போய்விடலாம்.

மார்கிட் விழுந்தால் 12,000 ரூனும் ஒரு டாலிஸ்மன் பவுச்சும் (கூடுதலாக ஒரு தாயத்து அணிய இடம் தரும் பை) கிடைக்கும். அந்த ரூன்களை அங்கே தோன்றும் ஓய்விடத்திலேயே செலவழித்துவிடுங்கள். உள்ளே வாசல் காக்கும் காஸ்டாக் பக்கவழி காட்டுவான், பெரிய வாசலில் அம்புப்பொறிகள் இருப்பதால் அவன் சொல்வதைக் கேட்பது நல்லது. ஆனால் கோட்டைக்குள் நீங்கள் செத்தால் கிடக்கும் ரூன்களில் ஒரு பங்கைச் சுருட்டிக்கொள்வதும் அவன்தான்.