முழங்கை சொரியாசிஸ்: எனக்குக் கைகொடுத்தவை

வேலூர் வெயிலில் வியர்வைதான் பிரச்சினை என்று நினைப்போம். தோலில் செதில் செதிலாகத் தடித்த படை வரும் நோயான சொரியாசிஸுக்கு அதைவிடக் கெடுதல் வறட்சி. போர் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தால் அன்று மாலையே செதில் கிளம்பும். இப்போது சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம், அவ்வளவே. துவட்டிய 3 நிமிடத்துக்குள், ஈரம் காயும் முன், வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. கத்திரி வெயிலில் பிசுபிசுக்கும். பகலில் 10 சதவீத யூரியா க்ரீம் போதும்.

முழங்கை, முட்டியில் தடித்த செதிலுக்கு 6 சதவீத சாலிசிலிக் ஆசிட் களிம்பு, இரவில், மெல்லிய பூச்சாக. வெடிப்பிலோ புண்ணிலோ பட்டால் எரியும். உடம்பு முழுக்கப் பூசக் கூடாது, தோல் வழியாக ரத்தத்தில் சேரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

தலைக்கு (நிலக்கரித்) தார் கலந்த ஷாம்பு வாரம் இருமுறை, 5 நிமிடம் ஊறவிட்டு அலசணும். தலையணை உறை கறைபடும், பழையதைப் போடுங்கள். சித்த மருந்துக் கடை வெட்பாலைத் தைலம் செதிலை இளக்குகிறது, நோயை ஒழிப்பதில்லை.

செதிலைப் பிய்க்காதீர்கள், காயம்பட்ட இடத்திலேயே புதுப் படை வரும். மெடிக்கலில் கேட்டதும் தரும் க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்த ட்யூப் பக்கமே போகாதீர்கள். ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும், தோலும் மெலியும். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கலாம்; காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்தால் களிம்பு வேலைக்கு ஆகாது, தோல் டாக்டர்தான்.