திறமூலத் திட்டத்துக்கு லாக்கிங் கருவி: எதை இயல்பாக வைப்பது?

ஆத்தங்குடி டைல் பட்டறைகளுக்காக ஜாவாவில் ஓர் ஆர்டர் மென்பொருள் எழுதி, மூலநிரலைப் பொதுவில் வைக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த வண்ணத்தில் எத்தனை டைல், எப்போது கண்ணாடியில் வார்த்தது, எப்போது தண்ணீர்த் தொட்டியில் இறக்கியது எல்லாம் அதில் பதிவாகும். நீங்கள் காரைக்குடியில் இருப்பீர்கள். மென்பொருள் வேறோர் ஊரில் ஓடும். அங்கே கோளாறு வந்தால் நடந்ததைச் சொல்ல லாக் கோப்பு, அதாவது மென்பொருள் தான் செய்ததை வரிவரியாகக் குறித்துவைக்கும் கோப்பு, ஒன்றுதான் சாட்சி.

படி 1: எழுதுவது லைப்ரரியா (பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு), செயலியா (தானே ஓடும் மென்பொருள்)?

செட்டிநாட்டுக் கடைகளில் கணக்கப்பிள்ளை அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறிப்பார். பிறகு அது பேரேட்டில் ஏறும். ஜாவாவில் எஸ்எல்எஃப்4ஜே (SLF4J) என்பது சிட்டை: நிரல் தன் செய்தியைக் கொடுக்கும் பொது முகப்பு. லாக்பேக் (Logback), லாக்4ஜே 2 (Log4j 2) ஆகியவை பேரேடு: அந்தச் செய்தியை வாங்கிக் கோப்பில் எழுதும் லாக்கர்கள். உங்கள் நிரல் முழுவதும் எஸ்எல்எஃப்4ஜே வழியாகவே எழுதட்டும். லைப்ரரி என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். எந்தப் பேரேடு என்பது அதைப் பயன்படுத்துகிறவர் முடிவு. அவர்மேல் உங்கள் விருப்பத்தைத் திணிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். செயலி என்றால் ஒன்றை நீங்களே தேர்ந்து சேர்த்து அனுப்ப வேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரர் அதை ஒருபோதும் மாற்றப்போவதில்லை.

படி 2: பேரேட்டைத் தேர்ந்தெடுங்கள்

2002-இல் வந்த ஜாவா 1.4 முதல் ஜாவாவுக்குள்ளேயே ஒரு லாக்கர் இருக்கிறது. வேறெதையும் இறக்க வேண்டாம் என்பது அதன் பலம். அமைப்புக் கோப்போடு மல்லுக்கட்டுவது அதன் விலை.

லாக்4ஜே 2 வேகமானது; ஒரே நேரத்தில் பல திரிகள் (இணையாக ஓடும் வேலைகள்) எழுதும் பெரிய சேவைகளுக்கு நல்லது. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயனர் அனுப்பிய சரம் லாக்கில் பதிவானாலே போதும், லாக்கர் அதற்குள் இருந்த முகவரியைத் தேடிப்போய் வெளி நிரலை இயக்கிவிடும் நிலை இருந்தது. அது சரிசெய்யப்பட்டுவிட்டது; அதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டாம். ஆனால் பழைய பாடங்களில் வரும் லாக்4ஜே 1 பக்கமே போகாதீர்கள்: 2015 ஆகஸ்டிலேயே அதன் ஆதரவு நின்றுவிட்டது.

நம் பட்டறைச் செயலிக்கு என் தேர்வு லாக்பேக். எஸ்எல்எஃப்4ஜேயை எழுதிய செகி குல்ச்சுதான் இதையும் தொடங்கியவர். இடையில் இணைப்பான் தேவையில்லை. ஜாவா செயலிகளைக் கட்டப் பலரும் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட்டும் இயல்பாக இதைத்தான் வைத்திருக்கிறது. உரிமத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்: லாக்4ஜே 2-க்கு அப்பாச்சி 2.0 என்ற திறமூல உரிமம்; லாக்பேக்குக்கு இபிஎல் (EPL), எல்ஜிபிஎல் (LGPL) என்ற இரட்டைத் திறமூல உரிமம்.

படி 3: இயல்பு அமைப்பு

அமைப்புக் கோப்பே இல்லாவிட்டால் லாக்பேக் ‘டீபக்’ நிலையில், அதாவது பிழை தேடுவதற்கான நுணுக்கச் செய்திகள் உட்பட, எல்லாவற்றையும் திரையில் கொட்டும். ஆகவே பொதுவான செய்திகளோடு நிற்கும் ‘இன்ஃபோ’ நிலை வைத்த அமைப்புக் கோப்பு ஒன்றைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பட்டறையில் இருப்பது பெரும்பாலும் பழைய கணினி. அதன் வட்டு நிரம்பாதபடி லாக்கை நாளுக்கொரு கோப்பாகச் சுழற்றி, மொத்த அளவுக்கு உச்சவரம்பு போடுங்கள். எத்தனை நாள் கோப்புகள் இருக்க வேண்டும் என்பதையும் குறித்தால்தான் அந்த வரம்பு வேலை செய்யும்.

எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 (UTF-8) என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள் கணினியின் குறியாக்கத்தைப் பின்பற்றுவதால், விண்டோஸில் ‘ஆத்தங்குடி’ வெறும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும்.

படி 4: செய்தி எழுதும் முறை

சரங்களைக் கூட்டல் குறியால் ஒட்டாதீர்கள். செய்தியில் வெற்று நெளிவு அடைப்பு {} வைத்து, ஆர்டர் எண்ணைத் தனியாகக் கொடுங்கள். அந்தச் செய்தியின் நிலை (‘டீபக்’ போன்றது) அணைந்திருந்தால் சரத்தை உருவாக்கும் வேலையே நடக்காது. பிழைப் பொருளைக் கடைசியாகக் கொடுத்தால் அதன் முழுத் தடமும் பதிவாகும். வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணை லாக்கில் எழுதக் கூடாது: பட்டறைக்காரர் அந்தக் கோப்பை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

படி 5: வெளியிடும் முன்

ஜாவா திட்டங்களைக் கட்டும் கருவியான மேவனில், சார்புகளை (உங்கள் திட்டம் இழுத்துவரும் லைப்ரரிகளை) மரமாகக் காட்டும் கட்டளையை ஓட்டுங்கள். வேறு லைப்ரரி வழியாக இன்னொரு பேரேடு உள்ளே நுழைந்திருந்தால், எஸ்எல்எஃப்4ஜே எச்சரித்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்தத் தேர்வை அதனிடம் விடாமல், வேண்டாததை விலக்கிவிட்டு வெளியிடுங்கள்.