படிப்பு நின்றால் எந்த உதவி நிற்கும், எது நிற்காது? மலைப்பகுதிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பிள்ளை பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டால், அதுவரை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அரசு உதவிகள் அனைத்தும் அன்றோடு முடிந்தன என்று எண்ணும் பெற்றோர் உண்டு. எதுவும் மாறாது, வருவது வந்துகொண்டே இருக்கும் என்று நம்பியிருப்போரும் உண்டு. இரண்டு எண்ணமும் பிழையானவை. சில உதவிகள் படிப்பைப் பார்த்தும், சில வயதைப் பார்த்தும், வேறு சில குடும்பத்தின் நிலையைப் பார்த்தும் தரப்படுகின்றன. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கிடைக்க வேண்டிய பணம் கைநழுவுகிறது.

முதல் குழப்பம் பள்ளி முடியும் இடத்திலேயே தொடங்குகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டமும் பள்ளி முடிந்த பிறகே கைகொடுப்பவை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், அந்தப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் அடங்குவர். உயர்கல்வி என்றதும் கல்லூரிப் பட்டத்தை மட்டும் நினைத்து, "எங்கள் பையன் ஐடிஐதானே" என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிடும் குடும்பங்களை மலையில் பரவலாகக் காணலாம். பட்டயப் படிப்புக்கும் ஐடிஐ படிப்புக்கும் இத்தொகை உண்டு. ஆனால், வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படிப்பவருக்கு இது கிடையாது; முதுகலைக்கும் கிடையாது. பழங்குடி அல்லது ஆதிதிராவிடர் மாணவருக்குரிய கல்வி உதவித்தொகையைப் பெற்றுவருவோர் இதைப் பெறக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டையும் பெறலாம்.

"பணம் நின்றுவிட்டது" என்று வரும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் பணம் நின்றதால் வருவதில்லை. அரசின் நேரடித் தொகை ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். மகள் ஊட்டிக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி ஆதாரைக் கொடுத்திருப்பாள். தாயோ கூடலூர் வங்கியில் பழைய பாஸ்புக்கில் வரவைப் பதிந்து பார்த்து, ஒன்றும் ஏறவில்லை என்று ஒரு நாள் கூலியையும் இழந்து திரும்புவார். எந்தக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு அலுவலகத்துக்குப் போவதே சரி. பள்ளிப் பருவத்தில் தொடங்கிய மைனர் கணக்கையும் 18 வயது முடிந்ததும் உரிய ஆவணங்களைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பணம் எடுக்க முடியாமல் வங்கி நிறுத்திவைக்கும். ஆதாரிலும் 15 வயதில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்தாக வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்துகொண்டால் கட்டணம் இல்லை. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பள்ளியை விட்ட பிள்ளைக்கு இதை நினைவூட்ட ஆசிரியரும் இருக்கமாட்டார் என்பதால், பெற்றோர்தாம் கவனிக்க வேண்டும்.

படிப்பைப் பாதியில் நிறுத்துவதால் உண்மையிலேயே பெரிய தொகை போய்விடும் இடம் ஒன்று உண்டு. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாயும், இரு பெண் குழந்தைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் 25,000 ரூபாயும் வைப்புநிதியாகப் போடப்பட்டிருக்கும். 18 வயது முடிந்ததும் அது வட்டியோடு கிடைக்கும். ஆனால் அந்தப் பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படிப்பை நிறுத்தி, உறவினர் வீட்டுக்கோ திருப்பூர் மில்லுக்கோ அனுப்பும்போது இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும், தனித்தேர்வராகவாவது பத்தாம் வகுப்பை எழுத வைப்பது நல்லது. தேர்வு எழுதியவர்களிலும் சிலர் 18 வயதுக்குப் பிறகு பணம் தானாகவே வரும் என்று காத்திருக்கிறார்கள். வைப்புநிதி ரசீதையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்துச் சமூகநலத் துறையில் கேட்டால்தான் அது வரும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டுத் தகரப் பெட்டியில் ஈரம் பட்டு ரசீதின் எழுத்து அழிவதற்குள் ஒரு நகல் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகள் விஷயத்தில் தவறு வேறு திசையில் நடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வருங்கால வைப்புநிதி பிடித்தம் செய்யப்பட்டு வந்த தொழிலாளி இறந்தால், 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் துணைவருக்கு ஓய்வூதியம் தரப்படும்போதே பிள்ளைகளுக்கும் தனியாக ஓய்வூதியம் உண்டு. அது 25 வயது வரை தொடரும். பிள்ளை படிக்கிறாரா என்பது அதற்கு நிபந்தனையன்று. பள்ளியை விட்டாயிற்று, இனி வராது என்று ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றைத் தராமல் விடுவதே இங்கே நடக்கும் பிழை. ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தத் தொகை உண்டு. மூத்தவருக்கு 25 வயது நிறைந்ததும் அவருடைய பங்கு மூன்றாவது பிள்ளைக்குப் போகும். ஆகவே அந்தப் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். நிரந்தர ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை.

அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்தை இதோடு சேர்த்து எண்ணக் கூடாது. அது முதலில் துணைவருக்கே உரியது. அவர் இல்லாதபோதுதான் பிள்ளைக்கு வரும். மகனுக்கு 25 வயது ஆவதற்கு முன்பே அவர் சம்பாதிக்கத் தொடங்கினாலும் திருமணம் செய்துகொண்டாலும் அது நின்றுவிடும். படிப்பை விட்டு வேலைக்குப் போன மகன் அதைக் கருவூலத்துக்குத் தெரிவிக்காமல் இருந்தால், கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிச் செலுத்த நேரிடும்.

தாய்க்கு வரும் மகளிர் உரிமைத்தொகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தொடர்பில்லை. மகள் புதுமைப்பெண் தொகை பெற்றாலும் படிப்பை நிறுத்தினாலும் அது பாதிக்கப்படாது. ஆனால் பிள்ளை அரசு வேலையில் சேர்ந்தால் குடும்பத்தின் தகுதியே மாறக்கூடும். அதேபோல, மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறான் என்பதற்காகக் குடும்ப அட்டையிலிருந்து அவன் பெயரை நீக்க வேண்டியதில்லை. திருமணமாகித் தனி அட்டை வாங்கும்போது நீக்கிக்கொண்டால் போதும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை பள்ளியை விடும்போது கல்வி உதவித்தொகை நின்றுவிடும். அதற்குப் பதிலாகப் பராமரிப்பு உதவித்தொகை தானாகத் தொடங்கிவிடாது. அதற்குத் தகுதியிருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றின் காலம் முடிந்திருந்தால் அதை முதலில் புதுப்பித்துக்கொண்டு போனால், கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மறுபடியும் பேருந்து ஏற வேண்டியிருக்காது.