ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கத்து நிலத்திலிருந்து சில்வியா சிறுகோளைப் பிடிப்பது எப்படி

சிறுகோள் பார்க்கணும் என்று கேட்டால் எல்லோரும் வெஸ்டாவைத்தான் காட்டுவார்கள். அது பளிச்சென்று இருக்கும், பைனாகுலரே போதும். நான் சொல்லப்போவது 87ஆம் எண் சிறுகோளான சில்வியா. 1866 மே 16 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்தது. நம்ம பக்கத்தில் கிடைத்ததை நம்ம பக்கத்திலிருந்தே பார்ப்பதில் தனி சுகம்.

ஆனால் இது லேசில் சிக்காது. குறுக்களவு சுமார் 270 கிலோமீட்டர் இருந்தும், மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் திருப்பி அனுப்பாத கரிக்கட்டை அது. போதாததற்கு சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில், சூரியனிலிருந்து பூமி இருப்பதைப் போல மூன்றரை மடங்கு தூரத்தில் சுற்றுகிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே பிரகாசம் 11, 12 மாக்னிட்யூட்தான் (இந்த எண் கூடக் கூட மங்கல் என்று அர்த்தம்). அதனால் 8 இன்ச் கண்ணாடி உள்ள டாப்சோனியன், அதாவது தரையில் வைத்துக் கையால் திருப்பும் தொலைநோக்கி, வேண்டும். 6 இன்ச்சில் முடியும், கண் வலிக்கும்.

முதலில் நாள் பாருங்கள். வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலம்தான் (இதுதான் எதிர்நிலை) சரியான காலம், அது சுமார் பதினாலு மாதத்துக்கு ஒருமுறை வரும். சிறுகோள்களின் கணக்கை வைத்திருக்கும் மைனர் பிளானட் சென்டர் இணையதளத்தில் 87 என்று எண்ணைக் கொடுத்தால் தேதிவாரியாக இடத்தைத் தரும்; நேரம் உலகநேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். எதிர்நிலை அக்டோபர், நவம்பர் மழையில் மாட்டினால் விட்டுவிட வேண்டாம், சில வாரம் தள்ளிப் பார்த்தாலும் பிரகாசம் பெரிதாகக் குறையாது. பால்வீதியின் நெரிசலுக்குள் இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே புள்ளி எண்ணியே விடிந்துவிடும்.

அப்புறம் இடம். குப்பத்துக்கு மேற்கே பெங்களூரு வெளிச்சம், கிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வெளிச்சம். இரண்டும் அடிவானத்தைத்தான் கெடுக்கும். எதிர்நிலைச் சமயத்தில் சில்வியா நடுராத்திரியில் நல்ல உயரத்தில் இருக்கும் என்பதால் கவலை இல்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே, "அண்ணா, ராத்திரி நட்சத்திரம் பார்க்க வர்றோம், பம்புசெட் லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்க" என்று சொல்லி வையுங்கள். யானை இறங்கியிருக்கும் நாட்களில் மட்டும் அதைக் கேட்காதீர்கள், நீங்களும் போகாதீர்கள். சில்வியா எங்கும் போய்விடாது.

கண் இருட்டுக்குப் பழக, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, அரை மணி நேரம் போனைத் தொடாமல் இருங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபடச் செயலியில் எடுத்த வரைபடத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள், ஏனென்றால் டாப்சோனியனில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். இதை மறந்தவர்கள்தான் "ஒண்ணுமே பொருந்தலையே" என்று புலம்புவார்கள். 25 மில்லிமீட்டர் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பக்கத்து நட்சத்திரங்களைப் பிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, சரியான இடத்துக்கு வந்ததும் இன்னும் பெரிதாகக் காட்டும் 10 மில்லிமீட்டருக்கு மாறுங்கள். பின்னணி கருத்து, மங்கலான புள்ளிகள் எழும்பி வரும். நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள்.

இப்போதுதான் உண்மையான வேலை. எது சில்வியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லவே முடியாது; வட்டும் தெரியாது, நிறமும் தெரியாது, சாதாரண நட்சத்திரம் மாதிரியே இருக்கும். காட்டிக்கொடுப்பது அதன் நகர்வு மட்டும்தான். ஒரு டப்பா மூடியை வைத்து நோட்டில் வட்டம் போட்டு, ஐபீஸில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும், சந்தேகமானவற்றையும் சேர்த்து, முக்கோணம் முக்கோணமாக இடம் பிடித்துக் குறியுங்கள். நேரத்தை ஓரத்தில் எழுதுங்கள். மறுநாள் ராத்திரி அதே இடத்துக்கு வந்து இன்னொரு வட்டம் போடுங்கள். எதிர்நிலைச் சமயத்தில் ஒரு நாளில் முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும், 10 மில்லிமீட்டரில் அது கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். நடுவில் ஒரு நாள் மேகம் வந்தாலும் மூன்றாம் நாள் சமாளிக்கலாம். புகைப்படத் தட்டு வருவதற்கு முந்தைய போக்சன் காலத்தில், வரைபடத்தையும் வானத்தையும் இப்படி ஒத்துப் பார்த்துத்தான் சிறுகோள்களைப் பிடித்தார்கள்.

சில்வியாவுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று இரண்டு நிலவுகள் உண்டு, 2001இலும் 2004இலும் கண்டுபிடித்தார்கள். அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 8 மீட்டர், 10 மீட்டர் தொலைநோக்கிகளுக்கே சிரமப்பட்டுத் தெரிந்தவை. இரண்டு வட்டத்திலும் எதுவுமே நகரவில்லை என்றால் பார்த்த இடம் தப்பு. கடைசியாகத் தாவிய நட்சத்திரத்திலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு வாருங்கள்.