சிறகிழந்தவனும் அவளும்: வீழ்ந்த தேவதூதன் காதல் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம், ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் நாலே வசனங்கள். தேவகுமாரர்கள் மனிதப் பெண்களின் அழகைப் பார்த்தார்கள், பிடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பெண்களின் சம்மதத்தை யாரும் கேட்டதாக இல்லை. ஒருத்தியின் பெயர்கூட அங்கே கிடையாது. பழைய யூத நூலான ஏனோக்கின் புத்தகம் இதே சம்பவத்தை விரிவாகச் சொல்கிறது. எர்மோன் மலையில் வானத்திலிருந்து 200 தேவதூதர்கள் இறங்குகிறார்கள். தண்டனை தன் தலையில் மட்டும் விழுந்துவிடுமோ என்று தலைவன் செம்யாசா பயப்பட, எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்கிறார்கள். அசாசேல் வாள் அடிக்கவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். தலைமைத் தூதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் அந்த நூலும் பெண்களின் பெயரைச் சொல்வதில்லை.

இளையோர் ஃபேன்டஸியில் வீழ்ந்த தேவதூதனின் காதலை எழுத உட்காருகிறவர் கையில் இருப்பது அந்தப் பெயரில்லாத பெண்ணின் கதை. அவளைப் பேசவைக்க முடியும் என்பதால்தான் இந்த வகைமேல் எனக்கு இவ்வளவு பிரியம். ஆகவே, அவள் வாயை மறுபடி அடைக்கிற தவறுகளையே முதலில் சொல்கிறேன்.

அதில் முதலிடம் விதிக்கு. 2009-ஐ ஒட்டி அமெரிக்காவில் இத்தகைய நாவல்கள் அலையாக வந்தபோது பரவலான ஒரு அமைப்பு இது: அவன் அவளைப் பல பிறவிகளாகக் காதலித்து வருகிறான், அவளுக்குத்தான் நினைவில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கதை தொடங்கும் முன்பே அவள் ‘சரி’ சொல்லி முடித்துவிட்டாள் என்று ஆகிறது. அவளுக்கு மிச்சமிருக்கும் வேலை, ஞாபகப்படுத்திக்கொள்வது மட்டும். முன்பிறவிப் பந்தம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பிறவியில் அவள் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிய வேண்டும். அந்த ‘வேண்டாம்’ ஒரு அத்தியாயத்துக்காவது செல்லுபடியாக வேண்டும்.

அடுத்தது, மிரட்டலைக் காதலாகக் காட்டுவது. அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று: நள்ளிரவில் அவள் கண் விழிக்கிறாள், அவன் கட்டில் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான். ‘தினமும் வருவேன். நீ தூங்குறதைப் பார்த்துட்டே இருப்பேன்’ என்கிறான். அவளுக்குச் சிலிர்க்கிறது. இப்போது சிறகுகளை எடுத்துவிட்டுப் படியுங்கள். பக்கத்துத் தெருப் பையன் இதைச் செய்தால் வீடே எழுந்து கூச்சல் போடும். இதே காட்சியை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

அவன் தெருவிளக்கின் கீழ் நிற்கிறான். சுவர் அவனுக்குப் பொருட்டே இல்லை, ஆனாலும் உள்ளே வருவதில்லை. அவள் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிறாள். மறுநாள் பஸ் ஸ்டாப்பில், ‘இனிமே எங்க தெருவுல நிக்காதீங்க’ என்கிறாள். ‘சரி’ என்கிறான். ஒரு வாரம் ஆள் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் பஸ் வந்தும் ஏறாமல், எதிர்ப்புறம் யாராவது நிற்கிறார்களா என்று அவளே பார்க்கிறாள்.

ஆபத்து குறையவில்லை, ஆசையும் குறையவில்லை. ஆனால் அடுத்த அடி வைப்பது அவள். அவனைத் துரத்தி வருகிறவர்கள், அவனால் ஊருக்கு வரக்கூடிய கேடு என்று பயத்துக்கு எத்தனையோ ஊற்றுகள் உண்டு. ‘உன்னைக் கொன்றிருக்கலாம், ஆனால் கொல்லவில்லை’ என்பதைக் காதல் மொழியாக எழுத வேண்டியதில்லை.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவனை ‘பார்க்கப் பதினெட்டு’ என்று எழுதிவிட்டால் ஏற்றத்தாழ்வு போய்விடாது. பதினெட்டு நிறையாத பாத்திரத்துக்கு உடல்நெருக்கக் காட்சி கூடாது, இதில் பேரமே இல்லை. மற்றபடி, அவனுக்குத் தெரியாததைத் தேடுங்கள். அவனுக்குப் பசி தெரியாது. பாட்டி செத்த வீட்டில் மறுநாள் காலை யாராவது காபி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது தெரியாது. அவளுக்குத் தெரியும். அந்த இடங்களில் அவள் மூத்தவளாகிறாள்.

இனி வீழ்ச்சி. பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் சரிவது இங்கேதான். நாயகன் ‘ஒரு பெரிய தவறு’ செய்திருப்பான், அது என்னவென்று கடைசிவரை தெரியாது. கறுத்த சிறகு, சோகமான கண்கள், அவ்வளவுதான். ஏனோக்கின் புத்தகத்தில் குற்றம் துல்லியமானது: தங்கள் இடத்தை விட்டு வந்தார்கள், மண்ணுக்குரிய ஆசையைத் தேடினார்கள், கற்றுக்கொடுக்கக் கூடாததைக் கற்றுக்கொடுத்தார்கள். தண்டனையும் அப்படியே. அசாசேலைக் கைகால் கட்டிப் பாலைவனத்துப் பள்ளத்தில் தள்ளிக் கற்களால் மூடுகிறான் கடவுளின் தூதன் ரபேல். மற்றவர்கள் பயந்து, தங்களுக்காக ஒரு மன்னிப்பு மனு எழுதித் தரும்படி ஏனோக்கைக் கெஞ்சுகிறார்கள். மனிதன் தேவதூதர்களுக்காக மனு எழுதுகிறான்! வருகிற பதில் முகத்தில் அறைகிறது: மனிதர்களுக்காக நீங்கள் பரிந்து பேசியிருக்க வேண்டும், உங்களுக்காக மனிதன் பேசுவதா? மனு தள்ளுபடி.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாம் வளர்ந்த கதைகளில் சாபம் என்று ஒன்று இருந்தால் விமோசனமும் கூடவே வரும். சிலப்பதிகாரத்தில் அகத்தியரிடம் சாபம் வாங்கிய இந்திரன் மகன் சயந்தன் மூங்கிலாகிறான். ஆடல் மகளிருக்குப் பட்டமாகத் தரப்படும் தலைக்கோலாக அரங்கேறும்போது சாபம் நீங்கும் என்று அவனுக்கு அப்போதே சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் வீழ்ந்த தூதனுக்கும் நாம் ஒரு முடிவுத்தேதி வைத்துவிடுகிறோம்: அவள் காதலித்தால் சாபம் தீரும். அப்போது அவன் சாபம் பெற்ற கந்தர்வன் ஆகிவிடுகிறான், அவள் பரிகாரம் ஆகிவிடுகிறாள். அவன் கதைக்குக் கனம் கொடுப்பதே திரும்பிப் போக வழியில்லை என்பதுதான். அதை உடம்பிலும் காட்டுங்கள். தோள்பட்டைத் தழும்பு அழுத்துவதால் பஸ் சீட்டில் சாய்ந்து உட்கார முடியாதவன், மொட்டைமாடிக்கு ஏறினால் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாதவன் என்று ஒன்றிரண்டு போதும். பத்துப் பக்க வர்ணனை செய்யாததை அது செய்யும்.

மரபுகளைக் கலப்பதிலும் நிதானம் தேவை. ஏனோக்கின் புத்தகம் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் வேதாகமத்தில் உண்டு, நம் ஊர்த் தேவாலயங்களில் வாசிக்கும் வேதாகமத்தில் இல்லை. குர்ஆனின் 18:50 வசனம் இப்லீஸை, அதாவது சாத்தானை, ஜின் இனத்தவன் என்கிறது, மலக்குகள் எனப்படும் தேவதூதர்கள் இறைக் கட்டளையை மீறாதவர்கள் என்பது இஸ்லாமிய நம்பிக்கை. இவற்றையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் அந்தந்த நம்பிக்கையோடு வளர்ந்த வாசகர் முதல் அத்தியாயத்திலேயே விலகிவிடுவார். ஒரு மரபைத் தேர்ந்தெடுங்கள், அல்லது முழுக்கச் சொந்தமாக ஒரு வானுலகைக் கட்டுங்கள்.

உரையாடலில், தூதன் பக்கம் பக்கமாக வேதாகமத் தமிழ் பேசக் கூடாது. அது ஒரே ஒரு இடத்தில், அவன் கோபத்தில் தன்னை மறக்கும்போது வந்தால் உடம்பு சில்லிடும். ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’க்கு மாறும் கணமும் அப்படித்தான். அதை இரண்டாம் சந்திப்பிலேயே செலவழித்துவிடாதீர்கள். முதலில் மாறுகிறவள் அவளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆங்கிலக் கவிஞர் பைரனின் 1823-ஆம் ஆண்டுக் கவிதை நாடகத்தில் அந்தப் பெண்களுக்குப் பெயரும் பேச்சும் கிடைத்தன. ஆனா, அகோலிபாமா என்ற சகோதரிகள் இருவர். ஒருத்தி தெய்வத்துக்குப் பயந்தபடியே காதலிக்கிறாள். மற்றவள் தூதனுக்கு எந்த விதத்திலும் தான் தாழ்ந்தவள் என்று நினைப்பதில்லை. பிரளயம் வரும்போது இருவரும் தூதர்களோடு பறந்துவிடுகிறார்கள். நாயகியைக் கட்டும்போது இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒரே காதல், ஒரே ஆபத்து, ஆனால் இரண்டு வேறு மனுஷிகள்.

கடைசி அத்தியாயத்தில் சிறகுகள் ஒளியோடு திரும்ப முளைக்கும் அற்புதத்தை வைக்கத் தோன்றும். வைத்தால், அதற்கு யார் என்ன இழந்தார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த அத்தியாயத்தில் அவள் செய்கிற காரியங்களை மட்டும் அடித்துவிட்டு ஒருமுறை படியுங்கள். கதை அதே இடத்தில் முடிகிறது என்றால், எழுதியிருப்பது இன்னமும் அவன் கதைதான். அந்த அத்தியாயத்தை அவளிடமிருந்து தொடங்கித் திரும்ப எழுதுங்கள்.