நாடகம், சினிமா படிக்க விண்ணப்பிக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சினிமா படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "புனே இன்ஸ்டிட்யூட்டுக்கு எப்படி அப்ளை பண்றது?" இப்போதைக்கு முடியாது என்பதுதான் பதில். புனேயில் உள்ள திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்திலும், கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்திலும் முக்கியப் படிப்புகளில் சேர ஏற்கெனவே ஒரு பட்டம் வேண்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியும் அப்படித்தான். அங்கே பட்டம் போதாது, குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள்.

பள்ளி முடித்த கையோடு சேர இடமே இல்லையா என்றால், இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம் முன்பு டிப்ளமோ தந்தது. இப்போது அங்கே இருப்பது காட்சிக்கலையில் 4 ஆண்டு இளங்கலைப் பட்டம். இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன், டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தையும் ஒளியையும் கணினியில் சரிசெய்வது) என்று பிரிவுகள் உண்டு. நடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை! நடிகராகும் கனவோடு படிவம் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நாடகம்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் திருச்சூர் இருக்கிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் நாடகக் கலைக்கென்றே இளங்கலைப் பட்டம் தருகிறார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) என்றால் ஓவியம், சிற்பம் போன்றவை. விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பில் சினிமா ஒரு பகுதிதான்; விளம்பரம், வரைகலை, புகைப்படம் எல்லாம் சேர்ந்தே வரும். தனியார் அகாடமி என்றால், பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் தருவது வெறும் சான்றிதழாக இருந்தால், பின்னாளில் புனேக்குப் போக அது உதவாது. புனேயில் ஒலிப்பதிவு படிக்க ப்ளஸ் டூவில் இயற்பியல் இருந்திருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

சரி, நேர்காணலுக்கு வருவோம். எந்தப் பிரிவு என்றாலும் முதல் விருப்பமாக இயக்கத்தைப் போட்டுவிடுவது பெரிய வியாதி. படத்தில் வேறு என்னென்ன வேலை இருக்கிறது என்றே யோசிக்காததுதான் காரணம். படத்தொகுப்புக்கு விண்ணப்பித்த பையனிடம் பிடித்த படத்தைக் கேட்டால் கதை சொல்வான். அந்தக் காட்சி ஏன் அந்த இடத்தில் வெட்டப்பட்டது என்று கேட்டால் முழிப்பான். ஒரே ஒரு காட்சியைப் பத்து முறை பார்த்துவிட்டுப் போயிருந்தால் சமாளித்திருக்கலாம்.

குறும்படம் காட்டும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நண்பன் எடுத்ததை 'நாங்க எடுத்தது' என்று பூசி மெழுகினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ட்ரோன் ஷாட்டும் தடதடவென்ற பின்னணி இசையும் போட்ட 10 நிமிடத்தைவிட, உங்கள் தெரு டீக்கடையை நிதானமாகப் படம்பிடித்த 2 நிமிடம் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். 'சிறுவயது முதலே சினிமா மீது தீராத காதல்' என்று தொடங்கும் கடிதத்தையும் கிழித்துப் போடுங்கள், எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள்.

நடிப்புத் தேர்வில் பிரபல நடிகரின் வசனத்தை அவர் குரலிலேயே பேசிக்காட்டுவது மிமிக்ரி. அது ஒரு திறமைதான், ஆனால் தேர்வாளர் பார்க்க வந்தது உங்களை. பதினேழு வயதுப் பிள்ளை அறுபது வயதுத் தகப்பனின் அழுகையை எடுத்துக்கொண்டு கத்துவதும் வேண்டாம். உங்கள் வயதுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாத்திரம், சத்தம் குறைவாக, போதும். பாதியில் நிறுத்தி, "இதையே கோபம் இல்லாமல் செய்" என்பார்கள். ஒரே மாதிரி மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் உறைந்துபோகிறார்கள்.

சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வயது வரம்பு இதையெல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் குறும்படத்தை ஏற்றிவைத்த கூகுள் டிரைவ் லிங்க்கை மட்டும் அனுப்பும் முன் பக்கத்து வீட்டு ஃபோனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கிறதா, படம் ஓடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.